பச்சைத் திரைக்குப் பரிகாரம்

யூடியூபில் சீரியலின் உச்சக்கட்டம். மாமியார் கை ஓங்கியதும் திரை முழுக்கப் பச்சை. சத்தம் மட்டும் வருகிறது. அறை யார் கன்னத்தில் விழுந்தது என்று தெரியவில்லை. வீட்டில் எல்லோரும் வைஃபை பெட்டியை முறைப்பார்கள். பாவம் அது. நெட் மெதுவானால் வட்டம் சுற்றும், படம் மங்கும், பச்சை பூசாது.

வீடியோவைப் பிரித்துத் தரும் வேலையைப் பிரவுசர் கிராபிக்ஸ் சிப்பிடம் ஒப்படைத்திருக்கிறது. நடுவே டிரைவர் என்றொரு தரகர். அவர் சொதப்பினால் படத்துக்குப் பதில் சில சமயம் வெறும் பூஜ்யங்கள் வந்து சேரும். வீடியோக்களின் ஒளி-நிறக் கணக்கில் எல்லாமே பூஜ்யம் என்றால் கறுப்பு அல்ல, பச்சை. கணக்கு சரிதான், படம்தான் இல்லை.

ஊரார் வைத்தியம் வேறு: குக்கீயை அழி, கேஷை அழி, பிரவுசரையே அழித்து மறுபடி போடு. எல்லாத் தளத்திலும் மறுபடி பாஸ்வேர்டு கேட்கும், பச்சை போகாது. பலிக்கிற மருந்து, குரோம் செட்டிங்ஸில் ‘சிஸ்டம்’ பகுதிக்குப் போய் கிராபிக்ஸ் ஆக்ஸிலரேஷனை அணைத்து, பிரவுசரை மூடித் திறப்பது. அதாவது, கூடுதல் காசு கொடுத்து வாங்கிய கிராபிக்ஸ் கார்டை வீட்டோடு மாப்பிள்ளை போலச் சும்மா உட்காரவைப்பது. பாரமெல்லாம் பிராசஸர் தலையில். ஃபேன் அலறும், பேட்டரி கரையும்.

ஆகவே டிரைவரைப் புதுப்பித்துவிட்டு அந்த ஸ்விட்சை மறுபடி போட்டுப் பாருங்கள். விண்டோஸ்காரர்கள் அதற்கும் முன்னால் விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி (B) நான்கையும் சேர்த்து அழுத்தலாம். தரகர் தூக்கம் கலைந்து எழுவார்.