கூடுமானவரை

குடும்ப நல நீதிமன்றத்தின் படியேறும் தாய்மார்களுக்கு வாசலிலேயே ஒரு சொற்பொருள் ஏடு கொடுத்தால் புண்ணியமாகப் போகும். தமிழ் தெரிந்தவர்கள்தானே, எதற்கு என்று கேட்காதீர்கள். அங்கே புழங்கும் தமிழ் வேறு.

ஜீவனாம்சம் என்றால், போதிய வசதியிருந்தும் பிள்ளையைப் பராமரிக்காத தகப்பன் மாதாமாதம் கொடுக்க வேண்டிய தொகை. இது சட்டம். நடப்பில், தாய் மாதாமாதம் வாய்தாவுக்கு வந்து கேட்க வேண்டிய தொகை. ‘போதிய வசதி’ என்பதோ சம்மன் கைக்கு வந்த மறுநாளே ஆவியாகிவிடும் பொருள். நேற்றுவரை கடை முதலாளியாக இருந்தவர், இன்று அதே கடையில் தம்பியிடம் கூலிக்கு நிற்பார். கார் மச்சான் பேரில், வீடு அம்மா பேரில், கடன் மட்டும் கவனமாக இவர் பேரில். இரு தரப்பும் சொத்து, வருமானம், கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. நல்ல தீர்ப்பு. அதற்கப்புறம் பொய்யைப் பத்தி பிரித்து, முத்திரை குத்தி எழுதுகிறார்கள்.

இடைக்கால ஜீவனாம்ச மனுவை, நோட்டீஸ் சார்வான 60 நாளைக்குள் ‘கூடுமானவரை’ முடிக்கச் சொல்கிறது சட்டம். அந்த ஒற்றைச் சொல்லுக்குள் ஒரு பிள்ளை எல்.கே.ஜி. முடித்து ஒன்றாம் வகுப்புக்குப் போய்விடலாம். கவுன்டர் போடவில்லை, வாய்தா. வக்கீல் வேறு கோர்ட்டில் இருக்கிறார், வாய்தா. நீதிபதி மாற்றல், வாய்தா. கவுன்சிலிங்குக்கு அனுப்பியிருக்கிறோம், அதுவரை வாய்தா. தாழ்வாரத்து பெஞ்சில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதும் பிள்ளைக்கு நோட்டு தீர்ந்துபோகும், வழக்குக் கட்டு தீராது.

வெள்ளைக்காரன் 1898-ல் எழுதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இந்த ஜீவனாம்சம் 488-ஆம் பிரிவு. கைவிடப்பட்டவர்கள் சோற்றுக்கில்லாமல் தெருவில் திரியக் கூடாதே என்ற கவலை. கவலையின் உச்சவரம்பு மாதம் 50 ரூபாய். 1973-ல் நாமே புதிதாக எழுதியபோது 125-ஆம் பிரிவு, வரம்பு 500. மத்தியச் சட்டத்தில் அந்த 500 ரூபாய் 2001 வரை அசையவே இல்லை. பால் விலை ஏறியது, பஸ் கட்டணம் ஏறியது, சட்டம் எழுதுகிறவர்களின் சம்பளமும் ஏறியது. 2024 ஜூலை 1 முதல், அதற்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 144-ஆம் பிரிவு. எண் ஏறியிருக்கிறது. உள்ளே அதே 60 நாள், அதே ‘கூடுமானவரை’.

உத்தரவு வந்துவிட்டது என்று கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்துவிடாதீர்கள். உத்தரவு வேறு, பணம் வேறு. பணத்துக்கு இன்னொரு மனு. அதையும் தொகை தர வேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் போட்டால்தான் வாரண்ட். தராதவன் எத்தனை வருடமும் தராமல் இருக்கலாம், கேட்பவளுக்குத்தான் கெடு.

வாரண்ட் போட்டு அபராதம்போல வசூலிக்கலாம். அதற்கும் மசியாவிட்டால், பாக்கிவைத்த ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதம்வரை சிறை. படிக்கப் பயமாகத்தான் இருக்கும். காவல் நிலையத்துக்குப் போன வாரண்ட், ‘மேற்படி நபர் மேற்படி முகவரியில் இல்லை’ என்ற குறிப்போடு திரும்பி வரும். மேற்படி நபர் அதே வாரம் கொடைக்கானல் ஏரியில் படகு விடும் படத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்திருப்பார். அதை அவள் காட்டினால், “இப்ப எங்க இருக்கான்னு கேட்டுச் சொல்லும்மா, போய்ப் புடிக்கிறோம்” என்பார் ஏட்டையா. துப்பறிவதும் அவள் வேலைதான்.

சிறைக்குப் போய்வந்தால் கணக்குத் தீர்ந்தது என்று மார்தட்டும் வீரர்களும் உண்டு. தீராது, சிறை என்பது வசூலுக்கு ஒரு வழி, பாக்கி அப்படியே நிற்கும் என்று உச்ச நீதிமன்றம் 1988-லேயே சொல்லிவிட்டது. நிற்கத்தான் செய்கிறது.

கடைசியில் வருவது ‘பேசி முடித்தல்’. நாலு லட்சம் பாக்கிக்கு ஒன்றே கால் லட்சம், மொத்தமாக. மூடப்போகிற நேரத்து மீன் கடைபோல பேரம் நடக்கும். “விட்டுக்கொடுத்துப் போம்மா, இன்னும் எத்தனை வருஷம் அலைவே?” அலையவிட்டவர்களே கேட்கிற கேள்வி. தள்ளுபடியாவது பிள்ளை ஏற்கெனவே சாப்பிட்டு முடித்த சோற்றின் காசு. தாலிக்கொடியை அடகு வைத்து அவள் போட்ட சோறு.

(மாதம் முதல் தேதியே பணம் போட்டுவிடும் தகப்பன்மாரும் இருக்கிறார்கள். அவர்களை இந்தத் தாழ்வாரத்தில் பார்க்க முடியாது.)

அரசுக்கு வசூலிக்கத் தெரியாது என்று மட்டும் யாரும் சொல்லிவிட வேண்டாம். மின்கட்டணம் பாக்கி என்றால் ஃபியூஸைப் பிடுங்க ஆள் வருகிறார். அவருக்கு முகவரி தெரிகிறது. ஹெல்மெட் போடாவிட்டால் அபராதம் போனுக்கே வருகிறது. வருமான வரியைச் சம்பளம் கைக்கு வருமுன்பே பிடித்துவிடுகிறார்கள். ஆதார், பான், வங்கிக் கணக்கு என்று நம்மை முடிச்சுப் போட்டுக் கட்டிவைத்திருக்கிற அரசுக்கு, மூன்று தெரு தள்ளிக் குடியிருக்கும் ஒரு தகப்பன் மட்டும் கண்ணுக்குத் தெரிவதில்லை.

பிள்ளைக்கு 18 வயது நிரம்பினால் இந்தப் பிரிவில் உரிமை பெரும்பாலும் முடிந்துவிடும். அந்தத் தேதி பாக்கிவைத்த தகப்பன்மாருக்கு மனப்பாடம். பிள்ளை இப்போது எந்த வகுப்பு என்று கேட்டுப் பாருங்கள். வக்கீல் முகத்தைப் பார்ப்பார்கள்.