டயர் கத்தினால் நல்லது

கேள்வி: இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தடத்தில் முதன்முறையாக என் காரை ஓட்டப்போகிறேன். செமி-ஸ்லிக் டயர் வாங்கட்டுமா?

பதில்: ரசம் வைக்கப் பழகுகிறவருக்குக் கல்யாண அண்டா எதற்கு? இப்போது இருக்கும் டயரே போதும், கிழடு தட்டாமல் இருந்தால். பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-இன் 23-வது வாரத்தில் பிறந்தது. சாதாரண டயர் பிடி விடுமுன் வளைவில் கிறீச்சென்று கத்தும், மெல்ல வழுக்கும். சம்பளம் கேட்காத வாத்தியார்! செமி-ஸ்லிக்குக்குப் பிடி அதிகம். உங்கள் தவறுகளை மூடி மறைத்துவிட்டு, கைவிடும்போது கூடுதல் வேகத்தில், சொல்லாமல் கொள்ளாமல் கைவிடும். காடி குறைவு என்பதால் திடீர் மழையில் தண்ணீர்மேல் மிதக்கவும் செய்யும்.

'வேகம் போய்விடுமே' என்பீர்கள். போகும்தான். ஆனால் முதல் நாளில் நேரத்தைத் தின்பது டயர் அல்ல, தப்பான இடத்தில் மிதிக்கும் பிரேக். 'ஓரம் தேயுமே' என்பது நியாயமான கவலை. பழகியபின், தேய்மானத்தைக் குறிக்கும் ட்ரெட்வேர் எண் 200 போட்ட டயருக்கு மாறலாம். ஆனால் அந்த எண்ணைத் தயாரிப்பாளரே தனக்குப் போட்டுக்கொள்கிறார். பரீட்சை எழுதியவரே விடைத்தாள் திருத்துகிற கதை. அதுவரை காற்றைக் கவனியுங்கள்: சூடு 5, 6 டிகிரி செல்சியஸ் ஏறினால் அழுத்தம் சுமார் 1 பிஎஸ்ஐ ஏறும். தடத்திலிருந்து வந்த சூட்டோடு அளந்து, கூடியதைக் குறையுங்கள். டயர் ஆறியதும் மறுபடி நிரப்பிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்புங்கள்.