சிட்டியா, டவுனா?

பிரிட்டனில் ஓர் ஊர் சிட்டியா டவுனா என்று தெரிய வேண்டுமானால் மக்கள்தொகையை எண்ணிப் பயனில்லை. அரச பட்டயம் இருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும். வேல்ஸின் செயின்ட் டேவிட்ஸில் இருப்பவர்கள் சுமார் 1,800 பேர். நம்மூரில் ஒரு சுமாரான கல்யாணத்துக்கு அதைவிடக் கூட்டம் வரும். ஆனால் அது சிட்டி. 1994-இல் எலிசபெத் மகாராணியே கொடுத்த பட்டம்!

லண்டனுக்கு மேற்கே இருக்கும் ரெடிங்கில் 1.7 லட்சம் பேர். 2000, 2002, 2012, 2022 என்று நான்கு முறை மனுப் போட்டார்கள். நான்கு முறையும் 'இல்லை'. இன்றைக்கும் டவுன்தான்.

இத்தனைக்கும் பட்டம் கிடைத்தால் கூடுதல் அதிகாரமோ மானியமோ ஒரு பைசா கிடையாது. பெயர்ப்பலகையையும் கடிதத்தாளையும் மாற்றி அச்சடிக்கும் செலவுதான் மிச்சம். ஒரு காலத்தில் ஆங்கிலிகன் பேராலயம் இருந்தால்தான் சிட்டி என்று வழக்கம் இருந்தது. 1889-இல் அது இல்லாமலே பர்மிங்காம் அந்தப் பட்டத்தை வாங்கிக்கொண்டது. பிறகு என்னதான் தகுதி? மேலிடத்துக்குத் தோன்றுவதுதான்.

ராச்செஸ்டரின் கதைதான் உச்சம். நூற்றாண்டுக் கணக்கில் சிட்டியாக இருந்த ஊர். 1998-இல் பக்கத்து ஊரோடு சேர்த்து மெட்வே என்ற புது நிர்வாகத்தை அமைத்தபோது, பட்டத்தைக் காப்பாற்றச் சில அறங்காவலர்களை நியமித்திருக்க வேண்டும். மறந்துவிட்டார்கள். பட்டம் போனது. அது போனதே 2002-இல்தான் அவர்களுக்குத் தெரிந்தது. அரசுப் பட்டியலில் ஊர்ப் பெயரைக் காணோம்!

கி.பி. 604-இல் நிறுவிய பேராலயம் மட்டும் அங்கேயே இருக்கிறது, டவுனில்.