சிங்கப்பூர் வழி கம்பம்

மலையைக் குடைந்த சுரங்கம் வழியே பெரியாற்றுத் தண்ணீர் 1895-லிருந்து கம்பம் பள்ளத்தாக்குக்கு வருகிறது. பையன் போனிலுள்ள வி.பி.என். சுரங்கத்தில்தான் ஒரு சொட்டு இறங்கவில்லை. ‘கனெக்டிங்’ என்று சுற்றுகிறது.

“தேதியைப் பாருப்பா” என்றார் செல்போன் கடைக்காரர். கேமில் ஓசி உயிர் வாங்க அடுத்த வருஷத்துக்குத் தள்ளி வைத்திருக்கிறான்! சர்வரின் சான்றிதழ் காலாவதி என்று போனே கதவைச் சாத்திவிட்டது. தேதியைத் திருத்தினால், விளம்பரம் தடுக்கும் ஆப் ஒன்று வி.பி.என். நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது, ஆண்ட்ராய்டில் அங்கே ஒருவருக்குத்தான் இடம். அதை எழுப்பிவிட்டு, இணைப்பு முறையை யு.டி.பி.யிலிருந்து டி.சி.பி. 443-க்கு மாற்றினார். பச்சை விளக்கு. ஊர்: சிங்கப்பூர்.

உடனே வங்கி ஆப் முறைத்துக்கொண்டது.

“இந்தியா சர்வர் போடுங்கண்ணே.”

அதுதான் வேடிக்கை. வாடிக்கையாளர் பெயர், முகவரியை 5 ஆண்டு வைத்திருக்கச் சொல்லி 2022 ஏப்ரலில் மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் உத்தரவு போட, எக்ஸ்பிரஸ் வி.பி.என்., நார்டு வி.பி.என். எல்லாம் இங்கிருந்த சர்வர்களைக் கழற்றிக்கொண்டு போயின. எக்ஸ்பிரஸ் காட்டிய ‘இந்தியா’க்களில் ஒன்று சிங்கப்பூரில்தான் இருந்தது.

“அப்போ என்னண்ணே பண்றது?”

“ஆஃப் பண்ணிரு. நீ கம்பத்துலதானப்பா இருக்க?”