நான்சி ட்ரூவின் தலையும் நம் நினைவும்: குட்டியல் நோக்கில் ஓர் ஆய்வு

மண்டையில் அடிபட்டால் பழசெல்லாம் மறந்துபோகும் என்பது தமிழ்த் திரையுலகின் அசைக்க முடியாத விதி. 1982இல் ‘மூன்றாம் பிறை’யில் கார் விபத்து, 2005இல் ‘கஜினி’யில் இரும்புத் தடி, 2012இல் ‘நடுவுல கொஞ்சம் பக்கத்த காணோம்’ படத்தில் கேட்ச் பிடிக்கப் போய் விழுந்தது. கருவி மாறும், விளைவு மாறாது. ஆனால் ரிவர் ஹைட்ஸ் என்னும் அமெரிக்கக் கற்பனை ஊரில் இந்த விதி செல்லுபடியாகவில்லை. அங்கே நான்சி ட்ரூ என்றொரு பெண் துப்பறிகிறாள். பின்மண்டையில் அடி வாங்கி மயங்குகிறாள், கயிற்றால் கட்டப்படுகிறாள், அலமாரியில் அடைக்கப்படுகிறாள். அடுத்த அத்தியாயத்தில் எழுந்து, திருடன் போட்டிருந்த சட்டையின் நிறம் முதற்கொண்டு ஒப்பிக்கிறாள். தலையில் ஒரு கீறலும் படாமல், வெயிற்காலப் பகல்களில் திண்ணையில் மல்லாந்து கிடந்து அவள் கதைகளைப் படித்த நமக்கோ ஒரு கதையும் முழுதாக நினைவில் இல்லை. அடிபட்டவள் மறக்கவில்லை, அடிபடாதவர் மறந்தார். இது ஏன் என்பதே இக்கட்டுரையின் ஆய்வுப் பொருள்.

எல்லை வகுத்துக்கொள்வது ஆய்வுக்கு அழகு. எனவே நான்சி ட்ரூ வரிசையின் பழைய நூல்கள் முதன்மைத் தரவாகவும், பேபோர்ட் நகரத்து ஃபிராங்க், ஜோ என்னும் ஹார்டி சகோதரர்களின் நூல்கள் துணைத் தரவாகவும் கொள்ளப்பட்டன. ஹார்டி சகோதரர்களுக்கு இரண்டு தலைகள் என்பதால் அடியும் இரட்டிப்பு. அது கணக்கைக் குழப்பும்.

முதலில் மருத்துவம். மயங்கி விழும் அளவுக்கு அடிபட்டவருக்கு, அடிக்குச் சற்று முன்னும் பின்னும் நடந்தவை நினைவில் தங்காமல் போவது சாதாரணம். தலைவலி, குமட்டல், தடுமாற்றம் எல்லாம் நாட்கணக்கில் நீடிக்கலாம். நான்சிக்கு இவற்றில் ஒன்றும் நீடிப்பதில்லை. வீட்டுப் பொறுப்பாளர் ஹன்னா க்ரூயென் சூடாக ஏதாவது கொடுத்தால் தீர்ந்தது. திருடர்கள் மெதுவாகத்தான் அடித்தனர் என்பாரும் உளர். அற்றன்று, மெதுவாக அடித்தால் மயக்கம் வராது, மயக்கம் வராவிட்டால் அத்தியாயம் முடியாது.

இனி நம் முன்னோர் கருத்து. தலையில் அடிப்பது நினைவைக் கெடுக்கும் என்பதைச் சினிமாவுக்கு முந்தைய தமிழர் ஒப்பவில்லை. பிள்ளையார் முன் நின்று நெற்றிப்பொட்டில் குட்டிக்கொண்டால் புத்தி தெளியும் என்று தேர்வு நாள் காலையில் கோயில் வாசலில் வரிசை கட்டி நிற்கும் மாணவர்களைக் கேட்டால் சொல்வார்கள். பழைய திண்ணைப் பள்ளி வாத்தியாரின் கல்விக் கொள்கை முழுவதும் இந்த அடிப்படையில் நின்றதே. பிழையான பாட்டைக் கேட்கும்போதெல்லாம் எழுத்தாணியால் தம் தலையிலேயே குத்திக்கொண்டார் என்று சீத்தலைச் சாத்தனார் மேல் ஒரு கதை உண்டு. பிழையாகப் பாடியவர் தலையில் குட்டினான் என்று பிள்ளைப் பாண்டியன் மேல் இன்னொன்று. முன்னவர் புலவர், பின்னவன் மன்னன். இருவர் கதையிலும் இலக்கியத்தைக் காப்பது தலைமேல் விழும் அடிதான். குட்டுப்பட்டாலும் மோதிரக் கையால் குட்டுப்பட வேண்டும் என்பது பழமொழி. நான்சியின் எதிரிகளில் நகைத் திருடர்கள் கணிசம் என்பதால் அந்த நிபந்தனையும் அநேகமாக நிறைவேறிவிடுகிறது. ஆகவே, குட்டு நினைவை வளர்க்கும்; குட்டுப்படாத வாசகர் மறந்தது இயல்பே. இது முதல் கருதுகோள்.

கருதுகோளை உறுதிசெய்ய மூல நூலுக்குப் போனதில்தான் வில்லங்கம் தொடங்கியது. மூல நூல் எது?

நூல்களின் அட்டையில் இருக்கும் பெயர் கரோலின் கீன். ஔவையார் ஒருவரா பலரா என்று நம் அறிஞர்கள் முட்டி மோதிக்கொண்டதுபோல் இங்கே முட்டிக்கொள்ள வேண்டியதில்லை. கரோலின் கீன் பலர். அதற்குக் கணக்கு வழக்கே இருக்கிறது. எட்வர்ட் ஸ்ட்ராட்மேயர் என்னும் அமெரிக்கர் கதைச் சுருக்கம் எழுதிக் கொடுப்பார், வேறொருவர் அதை நாவலாக்குவார், இல்லாத ஒருவரின் பெயர் அட்டையில் அச்சாகும். 1927இல் ஹார்டி சகோதரர்களை இப்படித்தான் களமிறக்கினார். ஃபிராங்க்ளின் டபிள்யூ. டிக்சன் என்ற பெயரில் அவற்றைத் தொடங்கி வைத்தவர் லெஸ்லி மக்ஃபார்லேன் என்னும் கனடியப் பத்திரிகையாளர். 1930 ஏப்ரலில் நான்சியின் முதல் மூன்று நூல்கள் ஒன்றாக வெளிவந்தன. மே மாதம் ஸ்ட்ராட்மேயர் காலமானார். மகள்கள் தொழிலை ஏற்றனர். முதல் 30 நூல்களில் 23ஐ எழுதியவர் மில்ட்ரெட் வர்ட் பென்சன். தொடக்கத்தில் நூலுக்கு 125 டாலர். அதற்கு மேல் உரிமை கிடையாது, நான்தான் எழுதினேன் என்று வெளியில் சொல்லவும் கூடாது.

அப்படியே காலம் ஓடிற்று. ஸ்ட்ராட்மேயரின் மகள் ஹேரியட் ஆடம்ஸ், தானே கரோலின் கீன் என்று உலகுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். பிற்கால நூல்கள் பலவற்றை எழுதியவர் என்பதால் முழுப் பொய்யும் அல்ல. 1980இல் பதிப்பகங்களுக்கிடையே நியூயார்க்கில் வழக்கு வந்தது. சாட்சி சொல்ல வந்த பென்சனைக் கண்ட ஆடம்ஸ், நீங்கள் இறந்துபோய்விட்டதாக அல்லவா நினைத்திருந்தேன் என்றாராம். இருவர் தலையிலும் யாரும் அடித்ததாகப் பதிவில்லை. ஆயினும் கதைகளை எழுதியவரே நினைவிலிருந்து அகற்றப்பட்டிருந்தார். குட்டில்லாமலே மறதி நிகழும் என்பதற்கு இது முதல் சான்று. பென்சன் 2002இல், 96ஆம் வயதில் மறைந்தார். கடைசிவரை டொலீடோ நகரச் செய்தித்தாளில் எழுதிக்கொண்டிருந்தவர்.

பாடபேதங்களுக்கு வருவோம். இவ்வாய்வாளரின் அக்காவும் அக்கா மகளும் கள ஆய்வில் தகவலாளிகளாகப் பயன்பட்டனர். அக்கா படித்தது, அந்தக் காலத்தில் மெட்ராஸ் மூர் மார்க்கெட்டில் வாங்கிய, அட்டை கிழிந்த பழைய பிரதிகள். மகள் படித்தது மஞ்சள் அட்டைப் புதுப் பதிப்பு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கோழிக் குழம்புக்குப் பிறகு, உரையாடல் பின்வருமாறு அமைந்தது.

“நான்சிக்குப் பதினாறு வயசுடி. ரோட்ஸ்டர் கார் ஓட்டுவா.”

“பதினெட்டும்மா. கன்வர்ட்டிபிள். நீ வேற யாரையோ நெனச்சுக்கிட்டுப் பேசுற.”

“எனக்கா மறந்துபோகும்? அந்த ரெண்டு அக்கா தங்கச்சி கூட ஹார்னர்.”

“ஹூவர்.”

“உங்க மாமாவைக் கேளு, அவன்தானே ஆராய்ச்சி பண்றான்.”

ஆராய்ச்சியின் முடிவு குடும்ப அமைதிக்கு உகந்ததாக இருந்தது: இருவருமே சரி. 1959 முதல் பழைய நூல்களை ஒவ்வொன்றாக எடுத்துத் திருத்தி எழுதினார்கள். 25 அத்தியாயம் 20 ஆயிற்று. பதினாறு வயது பதினெட்டாயிற்று. பொன்னிறக் கூந்தல் பின்னாளில் செம்பொன்னாயிற்று. ஹார்னர் சகோதரிகள் ஹூவர் சகோதரிகள் ஆனார்கள். ‘தி சீக்ரெட் ஆஃப் தி ஓல்டு கிளாக்’ முதல் பதிப்பில் ஏரிக்கரை வீட்டின் காவலாளி ஒரு கறுப்பினத்தவர், குடிகாரர், கேலிப் பொருள். 1959இல் அந்தக் கேலிச் சித்திரம் போயிற்று, போக வேண்டியதுதான். ஆனால் முன்பு அப்படி எழுதி அச்சிட்டு விற்றோம் என்கிற தடயமும் கூடவே போயிற்று. அட்டையில் அதே தலைப்பு, அதே ஆசிரியர் பெயர். உள்ளே வேறு நூல். ஏட்டுச் சுவடிகளை ஒப்புநோக்கிப் பாடபேதங்களை அடிக்குறிப்பில் தந்த உ.வே.சா.வின் கையில் இது கிடைத்திருந்தால் அடிக்குறிப்பே ஒரு நூலாகியிருக்கும்.

திருத்தங்களில் ஒன்றின் மேல் இவ்வாய்வு சற்று நிற்க விரும்புகிறது. பழைய நூல்களில் நான்சியின் தாய், மகளுக்குப் பத்து வயதாகும்போது இறக்கிறார். திருத்திய நூல்களில் மூன்று வயது. கதைக்கு இதனால் ஒரு நட்டமும் இல்லை. தாய் எப்படியும் கதையில் வரப்போவதில்லை. ஆனால் பத்து வயதில் தாயை இழந்தவளுக்கு முகம் நினைவிருக்கும், குரல் நினைவிருக்கும், தலை பின்னிவிட்ட கை நினைவிருக்கும். மூன்று வயதில் இழந்தவளுக்குப் புகைப்படம்தான். எத்தனையோ திருடர்கள் தடியால் முயன்று முடியாததை ஒரு பதிப்பாசிரியர் பேனாவால் முடித்துவிட்டார்.

வாசகரின் மறதிக்குத் திரும்புவோம். இதில் வாசகரைக் குறை சொல்வது அநியாயம். நூல்களே மறக்கப்படுவதற்கு வசதியாகத்தான் கட்டப்பட்டன. தொடக்கத்திலேயே ஒரு பத்தியில் பழைய சாகசம் நினைவூட்டப்படும். கடைசிப் பக்கத்தில் அடுத்த நூலின் பெயர் வந்துவிடும். நான்சியே தன் பழைய வழக்குகளை நூல் தலைப்பாகத்தான் நினைவுகூர்கிறாள். எந்த நூலை முதலில் எடுத்தாலும் புரிய வேண்டும், எதை விட்டாலும் குறை தெரியக் கூடாது. ஆக, நம் தலைக்குள் தனித்தனி நூல்கள் தங்குவதில்லை. ரகசியப் படிக்கட்டு, நீலக் கார், டார்ச் விளக்கு, பின்னாலிருந்து விழும் அடி என்று எல்லாம் கலந்த ஒரே நூல் தங்குகிறது. அது எங்கும் அச்சாகவில்லை. முதல் நூலிலேயே நான்சி மண்டையில் அடிபட்டாள் என்று நம் தகவலாளிகள் இருவரும் ஒரே குரலில் சத்தியம் செய்தனர். முதல் நூலில் திருடர்கள் அவளை அலமாரியில் வைத்துப் பூட்டுகிறார்களே ஒழிய அடிக்கவில்லை.

கேம்பிரிட்ஜ் உளவியலாளர் ஃபிரெடெரிக் பார்ட்லெட் 1932இல் வெளியிட்ட நூலில் இதற்கு விளக்கம் இருக்கிறது. அமெரிக்கப் பழங்குடிக் கதை ஒன்றைப் படிக்கவைத்து, பிறகு நினைவிலிருந்து எழுதச் சொன்னார். எழுதியவர்கள் தங்களுக்குப் புரியாததை விட்டார்கள், பழகியதைச் சேர்த்தார்கள். குடைமரத் தோணி சாதாரணப் படகாயிற்று. நினைவு என்பது எடுத்துப் பார்ப்பதல்ல, திரும்பக் கட்டுவது என்றார். ஸ்ட்ராட்மேயர் நிறுவனம் சம்பளம் கொடுத்துச் செய்வித்த திருத்த வேலையை வாசகர் தலை இலவசமாகவே செய்துகொண்டிருக்கிறது என்க.

உயிரோடிருப்பவரும் இறந்தவரும்கூட இந்தக் கட்டுமானத்தில் நிலையானவர் அல்லர். ஜோ ஹார்டியின் தோழி அயோலா மார்ட்டன் 1987இல் ‘கேஸ்ஃபைல்ஸ்’ வரிசையின் முதல் நூலிலேயே கார் குண்டுவெடிப்பில் இறக்கிறாள். அதே காலத்தில் பழைய வரிசையில் அவள் நலமாக நடமாடிக்கொண்டிருந்தாள். ஒரே வாடகை நூல் நிலையத்தில், ஒரே அலமாரியில், இரண்டு தட்டுகளுக்கிடையே ஒரு பெண் இருந்தும் இல்லாமலும் இருந்தாள். எங்கள் தெரு நூல் நிலையக்காரருக்கு இதில் கவலை இருந்ததாகத் தெரியவில்லை. அவர் கவலையெல்லாம் தாமதக் கட்டணம் பற்றியது.

அந்த நூல் நிலையத்துப் பிரதி ஒன்றைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பழுப்புக் காகித அட்டை, பின்பக்கத்தில் தேதி முத்திரைகள் ஒன்றன்மேல் ஒன்று. இரண்டாம் அத்தியாயத்தில் ஒரு பெயரைப் பென்சிலால் வட்டமிட்டு, ‘இவன்தான் திருடன்’ என்று ஒரு புண்ணியவான் எழுதியிருந்தார். அதன் கீழே நீல மையில், வேறு கையெழுத்தில்: ‘நாசமாப் போ.’ அதற்கும் கீழே பச்சை மையில், ‘அவன் இல்லை, பொய்.’ ஆயினும் மூவரும் கடைசிவரை படித்திருக்கிறார்கள் என்பதற்குக் கடைசிப் பக்கத்து எண்ணெய்க் கறை சாட்சி. திருடன் யார் என்று தெரிந்துகொள்ள ஒருவரும் இந்நூல்களைப் படிக்கவில்லை என்பது இதனால் பெறப்படும். தனக்கென ஒரு காரும், கேட்டால் சரி என்று சொல்லும் வக்கீல் அப்பாவும், பகல் முழுதும் எங்கே போனாய் என்று யாரும் கேட்காத சுதந்திரமும் உள்ள ஒரு பெண்ணோடு அரைநாள் சுற்றிவரத்தான் படித்தோம். அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதிகள் ரூத் பேடர் கின்ஸ்பர்க்கும் சோனியா சோட்டோமேயரும் சிறுவயதில் நான்சியால் ஈர்க்கப்பட்டவர்கள். எந்த நூலில் எந்தத் திருடன் என்று சோட்டோமேயரைக் கூண்டிலேற்றிக் கேட்கும் அதிகாரம் இவ்வாய்வாளருக்கு இல்லை.

முதல் கருதுகோளின் கதி என்ன என்று கேட்கலாம். குட்டு நினைவை வளர்க்கும் என்பது இன்னும் மறுக்கப்படவில்லை, நிறுவப்படவும் இல்லை. போதிய தரவு இல்லாததே காரணம். எனவே வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள்: நான்சி ட்ரூ நூல் ஏதாவது ஒன்றின் கதையாவது தொடக்கம் முதல் முடிவு வரை உங்களுக்கு நினைவிருந்தால், புத்தகத்தைத் திறந்து பார்க்காமல் எழுதி அனுப்புங்கள். கூடவே, பள்ளியில் எந்த வாத்தியாரிடம் எத்தனை குட்டு வாங்கினீர்கள், அவர் மோதிரம் அணிந்திருந்தாரா என்பதையும் தவறாமல் குறிப்பிடுங்கள். வாத்தியார் பெயர் ரகசியமாக வைக்கப்படும்.