நீல வாலும் கறுப்பு வாலும்

மானிட்டர் வாங்கப் போகிறவர் யாரும் அதன் முதுகைப் பார்த்து வாங்குவதில்லை. எத்தனை அங்குலம், எவ்வளவு தள்ளுபடி, அத்தோடு சரி. பெட்டியைப் பிரித்து, தெர்மகோல் தூளை வீடு முழுக்க இறைத்த பிறகுதான் பின்பக்கம் கண்ணில் படும். என் புது மானிட்டருக்கு நீலத்தில் விஜிஏ, கறுப்பில் எச்டிஎம்ஐ என்று இரண்டு வாசல். பழைய சிபியுவுக்கும் இரண்டு: நீல விஜிஏ, வெள்ளை டிவிஐ.

"நீலம் ரெண்டு பக்கமும் இருக்கில்ல? அதையே மாட்டுங்க, பொருத்தம் சரியா இருக்கு" என்றாள் மனைவி. எங்கள் ஜாதகத்தைக்கூட அவள் வீட்டில் இவ்வளவு சீக்கிரம் பார்த்து முடிக்கவில்லை.

மாட்டினால் படம் வரும்தான். ஆனால் எப்படி வருகிறது என்பதில் இருக்கிறது விஷயம். விஜிஏ 1987இல் ஐபிஎம் தன் பிஎஸ்/2 கம்ப்யூட்டர்களோடு கொண்டுவந்தது. முன்னால் கண்ணாடி, பின்னால் தொப்பை என்று மானிட்டர்கள் இருந்த காலம். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் தனித்தனிக் கம்பியில் மின்னழுத்த ஏற்ற இறக்கமாகப் போகும். பிக்சர் டியூபுக்கு அதுதான் சாப்பாடு. இன்றைய தட்டை மானிட்டருக்கோ ஒவ்வொரு புள்ளிக்கும் எண் வேண்டும். ஆகவே கம்ப்யூட்டருக்குள் எண்ணாக இருக்கும் படத்தை கிராபிக்ஸ் கார்டு மின்னழுத்தமாக்கி அனுப்ப, மானிட்டர் அதை அளந்து மறுபடி எண்ணாக்குகிறது. புதுமைப்பித்தன் கதையை இங்கிலீஷாக்கி, அந்த இங்கிலீஷை வைத்து யாரோ திரும்பத் தமிழாக்குவது போல. கதை வந்துவிடும். புதுமைப்பித்தன் வரமாட்டார்.

சினிமா பார்க்கிறவருக்கு இதெல்லாம் உறைக்காது. நான் மெய்ப்புத் திருத்துகிறவன். என் பிழைப்பே புள்ளியில் ஓடுகிறது. நீல வாலில் பார்த்தபோது ஒவ்வொரு எழுத்துக்கும் வலப்பக்கம் சாம்பல் நிறத்தில் ஒரு நிழல் ஒட்டிக்கொண்டிருந்தது. சின்ன எழுத்தில் 'க்' தலையிலிருந்த புள்ளி கரைந்து, அது மெய்யா உயிர்மெய்யா என்று நான் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியிருந்தது. மானிட்டரின் அடியில் 'ஆட்டோ' என்றொரு பட்டன். அழுத்தினால் படம் இடம் போய், வலம் போய், ஒரு குலுங்கு குலுங்கி நிற்கும். நிழலும் கூடவே வந்து நிற்கும். நல்ல, குட்டையான கேபிளாக இருந்தால் இவ்வளவு மோசமில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். என்னிடம் இருந்தது நல்லதும் இல்லை, குட்டையும் இல்லை.

ஆனாலும் விஜிஏவிடம் எனக்கு ஒரு பாசம் உண்டு. அதன் காய்ச்சலுக்கு அறிகுறி இருக்கும். சிவப்புக் கம்பி விட்டால் திரை பச்சை கலந்த நீலமாகும். நீலம் விட்டால் செய்தி வாசிக்கிறவர் மஞ்சள் குளித்துவிட்டு வந்து உட்காருவார். கேபிளைக் கொஞ்சம் நெளித்து வைத்தால் தேறிவிடும். இரண்டு பக்கமும் திருகு வேறு. கழற்றும்போது சிபியு பக்கத்து அறுகோண நட்டையும் சேர்த்துக்கொண்டுதான் வரும். முனையில் பதினைந்து பின் இருக்க வேண்டிய இடத்தில் பதினான்குதான் இருக்கிறது என்று மச்சினன் பதறினான். ஒன்பதாவது பின் பல கேபிள்களில் பிறவியிலேயே கிடையாது என்று சொன்னால் நம்பவில்லை. தரையெல்லாம் தேடினான்.

டிஜிட்டலிடம் இந்தப் பேரமெல்லாம் நடக்காது. எப்போதாவது பொறிப்பொறியாக மின்னும். மற்றபடி வந்தால் முழுசாக வரும். இல்லாவிட்டால் கறுப்புத் திரையில் 'நோ சிக்னல்' என்ற பெட்டி வீட்டுக்காரர் மாதிரி உலாத்தும்.

கறுப்பு வாசலுக்கு வழி தேடி ரிச்சி தெருவுக்குப் போனோம். "கன்வெர்ட்டர் வாங்கிடலாம் மாமா" என்றான் மச்சினன். விஜிஏவை எச்டிஎம்ஐ ஆக்கத்தான் உள்ளே சில்லு வைத்த கன்வெர்ட்டர் தேவை. டிவிஐயும் எச்டிஎம்ஐயும் படத்தை அனுப்பும் முறை ஒன்றுதான். முனைகள் மட்டும் வேறு. ஒரு பக்கம் அதுவும் மறுபக்கம் இதுவுமாக ஒரு சாதாரண கேபிள் போதும். கடைப் பையன் சாதாரணத்தை எடுக்கவே இல்லை. "இது கோல்டு பிளேட்டட் சார். கலர் தூக்கலா இருக்கும்." தங்கம் பூசினால் முனை துருப்பிடிக்காது, அவ்வளவுதான். பூஜ்யமும் ஒன்றும் தங்கத்தின் வழியாக வந்ததால் கூடுதல் சிவப்பாகிவிடாது. இதைச் சொன்னதும் அவன் முகம் எச்டிஎம்ஐ ஆகிவிட்டது: சிக்னல் இல்லை.

இத்தனைக்கும் 2010 டிசம்பரிலேயே இன்டெல், ஏஎம்டி, டெல், லெனோவோ, சாம்சங், எல்ஜி எல்லோரும் கூடி, 2015க்குள் விஜிஏவுக்கு விடை கொடுப்பதாக அறிவித்துவிட்டார்கள். கல்லூரிக் கருத்தரங்கக் கூடங்களுக்கு அழைப்பிதழ் போகவில்லை போலிருக்கிறது. இன்றும் மேடையில் ஒல்லி லேப்டாப்போடு ஒரு பேராசிரியர் நிற்பார், கூரையிலிருந்து நீல வால் தொங்கும், "யாருகிட்டயாவது கன்வெர்ட்டர் இருக்கா?" என்ற கேள்வியோடுதான் செயற்கை நுண்ணறிவு பற்றிய சிறப்புரை தொடங்கும்.

புதுக் கேபிளில் புள்ளிகள் தலைமேல் ஏறி உட்கார்ந்தன. திரையின் தூசியும் எழுத்துக்குச் சமமாகத் தெளிந்தது. மகன் பாட்டுப் போட்டான். சத்தம் இல்லை. மானிட்டருக்குள் ஸ்பீக்கர் உண்டு. ஆனால் டிவிஐ பிறந்தது படத்துக்காக மட்டும், என் பழைய கார்டுக்கு அதற்குமேல் தெரியாது. பரணிலிருந்து பழைய ஸ்பீக்கரை இறக்கி, பச்சைப் பின்னைப் பச்சை ஓட்டையில் சொருகினேன். வால்யூம் திருகைத் தொட்டதும் 'கர்ர்' என்றது.

"அதுக்கும் டிஜிட்டலா ஒண்ணு பாத்துடலாம் மாமா" என்கிறான் மச்சினன். ரிச்சி தெரு போய்வர பெட்ரோல் காசு என்னுடையது.