கிளிக்கடி: திருகோணமலைத் துறைமுகப் பகுதியை முன்வைத்து ஒரு பூர்வாங்க ஆய்வு

உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்று என்று பெயர் பெற்ற திருகோணமலையைப் பற்றி எழுதியவர்கள் எல்லாரும் கப்பல், பீரங்கி, கோயில், எண்ணெய்த் தாங்கி என்ற நான்கு பொருளையே சுற்றிச் சுற்றி வந்திருக்கிறார்கள். துறைமுகத்தின் ஆழத்தை அளந்தவர்கள் உண்டு. 1782 ஜனவரியில் ஆங்கிலேயரும் அதே ஆண்டு ஓகஸ்டில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரனும் அதைப் பிடித்த கதையை விலாவாரியாக எழுதியவர்களும் உண்டு. ஆனால் உட்துறைமுக வீதியிலிருந்து மனையாவெளி வரை முன்விறாந்தைகளில் தொங்கும் கூடுகளுக்குள் இருக்கும் கிளிக்குஞ்சுகள் யாரை, எங்கே, எதற்காகக் கடிக்கின்றன என்பதை ஆராய ஒருவரும் முன்வரவில்லை. அந்தக் குறையை நீக்கவே இந்த ஆய்வு. இதற்குப் பல்கலைக்கழகம் எதுவும் நிதி தரவில்லை. நாமும் கேட்கவில்லை.

ஆய்வுப் பொருளை முதலில் வரையறுப்பது மரபு. கிளி என்று இங்கே சொல்வது கழுத்தில் வளையம் போடும் சாதாரண பச்சைக்கிளியை. தோளில் சிவப்புப் பட்டை உள்ள பெரிய இனம் இதில் அடங்காது. அதன் கடி தனி நூலுக்குரியது. குஞ்சு என்பது பிறந்து ஓராண்டு நிரம்பாதது. கடி என்பது, அலகின் மேற்பகுதியும் கீழ்ப்பகுதியும் இடையில் ஒரு மனித விரல் இருப்பதைப் பொருட்படுத்தாமல் ஒன்றையொன்று சந்திக்க எடுக்கும் முயற்சி. கழுத்து வளையம் ஆணுக்கு மட்டுமே உரியது; அதுவும் ஏறக்குறைய மூன்று வயதில்தான் தெளிவாகத் தெரியும். எனவே, இறகு முளைக்காத குஞ்சைக் காட்டி "இது ஆண் கிளி அண்ணை, நல்லாக் கதைக்கும்" என்று சத்தியம் செய்பவரின் ஞானம் அறிவியலுக்கு அப்பாற்பட்டது.

முன்னோர் என்ன சொன்னார்கள் என்று பார்த்தால், கடியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார்கள். பாரசீக அரசவையில் வைத்தியராக இருந்த கிரேக்கர் க்தெசியாஸ், இன்றைக்கு ஏறக்குறைய 2400 ஆண்டுகளுக்கு முன், இந்தியாவில் மனிதரைப் போலப் பேசும் பறவை ஒன்று உண்டு, கிரேக்கம் படிப்பித்தால் கிரேக்கமும் பேசும் என்று எழுதிவைத்தார். அரிஸ்டோட்டிலின் நூலில், மது குடித்த கிளி வழக்கத்தைவிட அடாவடித்தனம் செய்யும் என்ற குறிப்பு இருக்கிறது. அதை அவர்கள் எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று கேட்கக்கூடாது. உரோமரான பிளினி, உடல் பச்சையும் கழுத்து வளையம் சிவப்புமாக இந்தியாவிலிருந்து வரும் பறவை என்று நமது விறாந்தைக் கிளியையே அச்சொட்டாக வருணித்துவிட்டு, அதற்குப் பேசக் கற்பிக்கும்போது தலையில் இரும்புக் கம்பியால் அடிக்கவேண்டும், இல்லாவிட்டால் அதற்கு உறைக்காது என்கிறார். பிளினி கி.பி. 79இல் வெசுவியஸ் எரிமலை வெடித்தபோது இறந்துபோனார். கிளிகளுக்கு இதில் தொடர்பிருப்பதாக ஆதாரம் இல்லை.

உள்ளூர்ச் சான்று ஒன்றும் உண்டு. 1660இல் நமது எதிர்க்கரையான கொட்டியாரக் குடாவில் கரையிறங்கி, கண்டி அரசனின் ஆட்களிடம் பிடிபட்டு, ஏறக்குறைய இருபது ஆண்டுகள் தீவுக்குள் கழித்த றொபேட் நொக்ஸ், 1681இல் வெளியிட்ட நூலில் இந்நாட்டுப் பச்சைக்கிளிகளுக்கு அவ்வளவாகப் பேச்சு வராது, வேறொரு கறுப்புப் பறவைதான் பழக்கினால் நன்றாகப் பேசும் என்று எழுதிவிட்டார். நகரத்துக் கிளி வளர்ப்போர் இதை அறிந்தால், அவரை விடுதலை செய்ததே பிழை என்பார்கள். உண்மையில் அவரை யாரும் விடுதலை செய்யவில்லை, அவராகத்தான் தப்பினார்.

தமிழிலக்கியம் இந்த விடயத்தில் கைகொடுக்கவில்லை. ஐங்குறுநூற்றில் கபிலர் கிள்ளைப்பத்து என்று கிளிக்கே ஒரு பத்தை ஒதுக்கியவர்தான். ஆனால் தினைப்புனம் காத்த பெண்கள் தட்டையும் குளிரும் கவணும் கொண்டு கிளியை விரட்டிக்கொண்டிருந்ததால் அது கைக்கு எட்டும் தூரத்துக்கு வரவேயில்லை. மதுரை மீனாட்சியின் கையில் கிளி உண்டு. சிற்பிகள் விரலில் காயம் எதையும் காட்டவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளின் தோளருகே இருக்கும் கிளி நாள்தோறும் இலைகளால் புதிதாகக் கட்டப்படுவது, அலகுக்கு மாதுளம்பூ. கடிக்காத கிளிக்கு நாம் அறிந்த உறுதியான எடுத்துக்காட்டு அது ஒன்றுதான்.

கடியை வகைப்படுத்தும்போது மேலைநாட்டார் பயம், கோபம், விளையாட்டு என்று மேலோட்டமாகப் போகிறார்கள். அகப்பொருள் இலக்கணம் வீட்டில் இருக்க நாம் ஏன் கடன் வாங்கவேண்டும்? காதுமடலையும் சட்டைப் பொத்தானையும் மெல்லக் கொறிப்பது குறிஞ்சிக் கடி. கூடலும் கூடல் நிமித்தமும் என்க. வேலைக்குப் போனவர் மாலையில் திரும்பும்வரை காத்திருந்து, கூட்டுக் கதவைத் திறக்கும் விரலில் விழுவது முல்லை. பேரப்பிள்ளையை மடியில் வைத்துக் கொஞ்சிய கையை அப்படியே கிளியிடம் நீட்டினால் கிடைப்பது மருதம், ஊடலின் பாற்பட்டது. துறைமுகத்துக்குரிய நெய்தலில், கொய்யாப்பழம் தீர்ந்த கிண்ணத்தின் முன் இரங்கி நிற்கும் கிளி, அதை நிரப்ப வருகிற கையையே கடிக்கும். பாலையில் பிரிதல் நிகழும், பிரிவது தோல். கைக்கிளையைத் தனியே சொல்லவேண்டும். இவருக்குக் கிளி என்றால் உயிர். கிளிக்கோ இவரைக் கண்ணில் காட்டக்கூடாது. நாம் பார்த்த வீடுகளில் பெரும்பாலும் இவர்தான் கூட்டுக்குக் காசு கொடுத்தவர்.

இத்தனை வகைக்கும் ஊரில் மருந்து ஒன்றுதான்: கொச்சிக்காய். "விரல்ல கொச்சிக்காயப் பூசிப்போட்டு நீட்டு மகன், பிறகு சீவியத்துக்கும் கடிக்காது" என்றார் திருக்கடலூரில் ஒரு அம்மம்மா. இந்த மருத்துவத்தில் ஒரு சிறு குறை இருக்கிறது. நமது நாக்கை எரியவைக்கும் காரச்சத்தை உணரும் வாங்கி பறவைகளுக்கும் இருந்தாலும், அது காரத்துக்கு அசைவதில்லை. இதை 2002இல் விளக்கிக் காட்டிய இருவரில் ஒருவரான டேவிட் ஜூலியஸ், சூட்டையும் காரத்தையும் உடல் உணரும் விதத்தை ஆராய்ந்ததற்காக 2021இல் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். செடியின் பக்கத்திலிருந்து பார்த்தால் ஏற்பாடு இலட்சணமானது: விதையை அரைத்துக் கெடுக்கும் பாலூட்டிகளுக்கு எரிவு, முழுதாக விழுங்கித் தூரத்தில் போடும் பறவைகளுக்கு விருந்து. கிளி விதையை உடைக்கும் சாதிதான். ஆனால் இனத்தின் பெயரால் சலுகையை அனுபவிக்கிறது. விளைவு என்னவென்றால், கொச்சிக்காய் பூசிய விரலைக் கிளி நக்கித் துடைத்துவிட்டு இன்னும் இருக்கிறதா என்று உள்ளே தேடியது. பூசிய தம்பி மறந்துபோய்க் கண்ணைக் கசக்கினார். அன்று அந்த வீட்டில் இரண்டு பேர் கத்தினார்கள், கிளி கத்தவில்லை.

மூக்கில் சுண்டுவது, முகத்தில் ஊதுவது, கூட்டை உலுக்குவது எல்லாம் பிளினியின் கம்பிக்குப் பேரப்பிள்ளைகள். கைக்குப் பயந்த கிளி கையைக் கண்டதும் முந்திக்கொண்டு கடிக்கும். இதற்கு மேல் அவற்றைப் பற்றி எழுத மை செலவழிப்பதில் பயனில்லை.

இனி ஆய்வின் மையத்துக்கு வருவோம். கடி என்று வீட்டார் முறைப்பாடு செய்வதில் கணிசமான பங்கு கடியே அல்ல. கிளிக்கு அலகு வாய் மட்டும் அல்ல, ஏறுவதற்கான மூன்றாவது காலும்கூட. 2022இல் அமெரிக்க ஆய்வாளர்கள் சிறுகிளிகளைச் செங்குத்தான பாதையில் ஏறவிட்டு அளந்தபோது, அலகு உடலை மேலே இழுப்பதில் கால்களுக்குச் சமமாக உழைப்பதைக் கண்டார்கள். குஞ்சு விரலில் ஏறுவதற்கு முன் அலகால் அதைப் பிடித்துப் பார்க்கும். மூதூர் லோஞ்சிலிருந்து இறங்குபவர் கால் வைக்கும் முன் இறங்குதுறைக் கம்பத்தை ஒருதரம் பற்றிப் பார்ப்பது போல. அந்த நேரத்தில் நாம் என்ன செய்கிறோம்? "கடிக்கப்போகுது!" என்று கையை இழுக்கிறோம். குஞ்சு தடுமாறி விழுகிறது. அடுத்தமுறை அந்தக் கம்பம் ஓடிவிடாதபடி இறுக்கிப் பிடிக்கிறது. நாம் இன்னும் வேகமாக இழுக்கிறோம். சில வாரங்களில் வீட்டில் ஒரு கடிகாரக் கிளி உருவாகிவிடுகிறது. "குணமே கூடாத கிளி" என்று அதற்கு ஒரு சான்றிதழும் எழுதப்படுகிறது.

அடுத்தது சத்தம். கடிபட்டவர் "ஐயோ அம்மா!" என்று துள்ளுகிறார். குசினியிலிருந்து மாமி ஓடிவருகிறார். பிள்ளைகள் சிரிக்கிறார்கள், யாரோ பிலாஸ்டர் தேடுகிறார்கள், நாய் குரைக்கிறது. மத்தியானம் முழுவதும் தனியே கம்பியைக் கொறித்துக்கொண்டிருந்த ஒரு குஞ்சுக்கு இதைவிடச் சிறந்த நாடகம் எங்கே கிடைக்கும்? நுழைவுச்சீட்டு ஒரு விரல்தான். டொக்யாட் வீதிப் பக்கம் ஓய்வுபெற்ற எழுதுவினைஞர் ஒருவர், கிளி கடித்தவுடன் அதன் வாயை மூட ஒரு கச்சான் கொடுக்கும் முறையைக் கையாண்டு வருகிறார். "கச்சான் குடுத்தா உடன விட்டுடும் தம்பி, நல்லாப் பழக்கி வச்சிருக்கிறன்" என்றார். பழக்கம் உண்மைதான், யார் யாரைப் பழக்கியது என்பதில் மட்டும் ஆய்வாளருக்கும் அவருக்கும் கருத்து வேறுபாடு. அவரது விரலில் இருந்த தழும்புகளைப் பார்த்தபின் வாதாட மனம் வரவில்லை.

ஆகவே திருத்தவேண்டியது கையை. கிளியின் கண்மணி சட்டென்று சுருங்கி விரிந்தால், வால் விசிறியானால், கழுத்து இறகு சிலிர்த்தால், அந்த நேரம் கையை நீட்டாதீர்கள். பாதிக் கடி அங்கேயே தீர்ந்துவிடும். அலகால் விரலைத் தொட்டுப் பார்த்தால் அசையாமல் இருங்கள். மெல்லத் தொட்டால் நல்ல வார்த்தை, அரைக் கச்சான், விருப்பமானால் அதே கொச்சிக்காயில் ஒரு துண்டு. மருந்தாக உதவாதது கூலியாக உதவும். இறுக்கினால் கத்தவேண்டாம், உதறவேண்டாம். முகத்தில் ஒரு உணர்ச்சியும் காட்டாமல் அதைக் கதிரை முதுகிலோ கம்பிலோ இறக்கிவிட்டு, சில விநாடிகள் மறுபக்கம் திரும்பி நில்லுங்கள். பிறகு ஒன்றும் நடவாததுபோல் மறுபடியும் கையைக் கொடுங்கள். நெடுநேரம் தண்டனை கொடுத்தால் எதற்கென்று அதற்கு விளங்காது. சாப்பாட்டுக்குச் சற்று முன் சில நிமிடப் பயிற்சி போதும். கொறிக்கச் சுத்தமான பச்சைக்குச்சி, இரவில் பத்துப் பன்னிரண்டு மணிநேர இருட்டு, இவை இல்லாத கிளிக்கு எந்தப் பாடமும் ஏறாது. அவகாடோவை மட்டும் எந்தக் காரணத்துக்கும் கொடுக்காதீர்கள். கிளிக்கு அது நஞ்சு.

இந்த முறை தொடங்கியதும் கடி கூடும். பலன் கிடைத்துக்கொண்டிருந்த செயல் திடீரென்று பலன் தராமல் போனால், உயிரினம் அதை இன்னும் மூர்க்கமாகச் செய்து பார்த்துவிட்டுத்தான் கைவிடும். உளவியலாளர்கள் எலியிலும் புறாவிலும் இதைக் கண்டிருக்கிறார்கள். பெரும்பாலான வீடுகள் இந்தக் கட்டத்தில்தான் தோற்றுக் கச்சானை எடுக்கின்றன. அதற்குமேல், இந்த இனத்துக் குஞ்சுகளுக்கு நாலைந்து மாதத்திலிருந்து ஓராண்டுக்குள் ஒரு வெருட்டும் பருவம் வரும். நேற்றுவரை தோளில் தூங்கியது இன்று சீறும், பாயும், கொத்துவதுபோல் காட்டும். பெரும்பாலும் வெறும் வெருட்டுத்தான். சில வாரம், சிலவற்றுக்குச் சில மாதம். அதுவரை தினமும் கையை அமைதியாகக் காட்டிக்கொண்டிருந்தவர்களிடம் அது திரும்பி வரும். பயந்து கூட்டைப் பின்வளவுக்குக் கொண்டுபோனவர்களிடம் வருவதில்லை.

எஞ்சியிருப்பது ஒரே ஒரு தடை. அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னரின் பரிசோதனைகளில், எப்போதும் பலன் தரும் செயலைவிட எப்போதாவது பலன் தரும் செயலே மறக்கக் கடினமானது என்று தெரியவந்தது. இதன் பொருள், வீட்டில் ஆறு பேர் இருந்தால் ஆறு பேரும் ஒரே மாதிரி நடக்கவேண்டும். ஐந்து பேர் கல்லாக இருந்து ஆறாமவர் கத்தினால் கடி இன்னும் உறுதிப்படும். ஒல்லாந்தர், ஆங்கிலேயர், பிரெஞ்சுக்காரர் என்று மூன்று நாட்டாரின் சட்டதிட்டங்களுக்கு மாறி மாறி ஈடுகொடுத்த ஊர்தான் இது. ஆயினும் ஒரு தமிழ் வீட்டில் ஆறு பேர் ஒரு கொள்கையில் நின்றதற்கு நமது களப்பணியில் சான்று அகப்படவில்லை. அப்படியே நின்றாலும் ஞாயிற்றுக்கிழமை பாலையூற்றிலிருந்து மாமா வருவார். கூட்டுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு, "எங்க, மாமாவக் கடி பாப்பம்" என்று சுட்டுவிரலை உள்ளே விடுவார். கிளியும் பெரியவர் சொல்லைத் தட்டாது.

கிளிக்கடிக்கு விசர்நாய்க்கடி ஊசி கேட்டு ஆஸ்பத்திரியில் வரிசையில் நிற்கவேண்டாம். அது பாலூட்டிகளின் நோய். காயத்தைச் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவுங்கள், ஆழமாக இருந்தால் ஏற்பூசி போட்ட காலத்தைப் பார்த்து வைத்தியரைக் கேளுங்கள். பச்சைக்கிளி இருபது ஆண்டுக்கு மேலும் வாழக்கூடியது. எனவே இன்றைக்கே செய்யக்கூடிய ஒரு காரியத்தைச் சொல்லிவிடுகிறோம்: அடுத்த ஞாயிறு மாமா வருவதற்குள் அந்தக் கதிரையைக் கூட்டிலிருந்து எட்டாத தூரத்துக்கு மாற்றிவிடுங்கள்.